புதிய பாடல் பாடச் சொல்லும் இரவு



சென்ற ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவின் இரவு. நள்ளிரவுத் திருப்பலிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கோயில் முற்றத்தில் குடில் அழகுற எழும்பியிருந்தது. ஒலிபெருக்கியில் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழங்கிக்கொண்டிருந்தன. இளைஞர்கள் கைபேசியில் தொகுத்து வைத்த அறுபது பாடல்கள் அவை. அவற்றை ஒலிபரப்ப அனுமதி தந்தவரும் நாமே. குரல்கள் இனியவை, இசைக்கருவிகளுக்கும் குறைவில்லை. மக்களோ கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வேளையில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி, இந்தப் பெட்டி பாடி முடிச்ச பிறகாவது நாங்க பாடலாமா?" என்று கேட்டார்.

அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் திருப்பலி முடிந்து அறைக்குத் திரும்பிய பின் அக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை.

இவ்வாண்டு நம் பங்கு பவள விழாக் காண்கிறது. விழா ஆண்டின் கிறிஸ்து பிறப்புக்கு எந்தெந்தப் பாடல்களைப் பாடுவது என்று பட்டியல் தயாரிக்க அமர்ந்தபோது இரு சாரார் நம்மிடம் வந்தனர். "பழைய பாட்டே போதும் சாமி, அதுலதான் பக்தி இருக்கு" என்றனர் பெரியவர்கள். "வருஷா வருஷம் அதே பத்துப் பாட்டுத்தானா ஃபாதர்? புதுசா ஏதாவது பாடுவோம்" என்றனர் இளைஞர்கள். இருவருக்கும் மறுமொழி கூறுமுன் திருச்சபையின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தோம். அங்கே கண்டதை இம்மலரின் வழியாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வானவர் தொடங்கிய பாடல்

கிறிஸ்து பிறப்பின் முதற் பாடலை மனிதர் பாடவில்லை, வானவர் பாடினர். லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரம் அதற்குச் சான்று. திருவருகைக் காலத்தின் ஞாயிறுகளில் நாம் பாடாமல் அடக்கி வைத்திருக்கும் அந்த வானவர் கீதம், நள்ளிரவுத் திருப்பலியில் மணியோசையோடு மீண்டும் எழும்புகிறது.

நம்மில் பலர் கவனியாத இன்னொன்றும் உண்டு. அந்த இரவுத் திருப்பலியின் பதிலுரைப் பாடலாகத் திருச்சபை தேர்ந்துகொண்டது 96-ஆம் திருப்பாடல். பழைய இலத்தீன் எண்வரிசையில் அது 95. ஆண்டவருக்குப் புதியதொரு பாடல் பாடும்படி உலகனைத்தையும் அழைப்பது அத்திருப்பாடல். விழா நாளின் பகல் திருப்பலிக்கு உரிய 98-ஆம் திருப்பாடலும் அவ்வாறே தொடங்குகிறது. ஆக, புதிய பாடல் வேண்டும் என்பது இளைஞர்களின் ஆசை மட்டுமன்று. அந்த இரவில் திருச்சபையே நம் வாயில் வைக்கும் வேண்டுகோள் அது.

எதிர்ப்பும் ஏற்பும்

புதிய பாடல்களைத் திருச்சபை எக்காலத்திலும் எளிதில் ஏற்றுக்கொண்டதா? இல்லை. அஞ்சுவதற்குக் காரணமும் இருந்தது. சிரியா நாட்டில் பர்தைசான் என்பவர் 150 பாடல்களை இயற்றித் தம் தவறான போதனைகளைப் பரப்பினார். இனிய இசையோடு வந்த பிழை மக்களின் நாவில் எளிதில் ஒட்டிக்கொண்டது. நான்காம் நூற்றாண்டில் கூடிய லவோதிக்கேயா சங்கம், தனியார் இயற்றும் பாடல்களைக் கோயிலில் பாடலாகாது என்றே தடை விதித்தது.

ஆனால் அதே நூற்றாண்டில் திருத்தொண்டரான புனித எப்ரேம் வேறு வழி கண்டார். பிழையான பாட்டுக்கு மருந்து நல்ல பாட்டே என்று தெளிந்து, ஆண்டவரின் பிறப்பைப் பற்றித் தம் தாய்மொழியாகிய சிரியாக்கில் பாடல்கள் பல இயற்றினார். பெண்களைக் கொண்டு பாடகற் குழு அமைத்து அவற்றைப் பாடச் செய்தார் என்று மரபு கூறுகிறது. 373-ஆம் ஆண்டு இறந்த இவரை, 1920-ஆம் ஆண்டு பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

மேற்கே மிலான் நகரில் 386-ஆம் ஆண்டு நடந்ததும் இத்தகையதே. கிறிஸ்துவின் இறைத்தன்மையை மறுத்த ஆரியப் பிரிவினருக்கு ஆதரவாக அரசு கோயிலைக் கேட்டது. ஆயர் புனித அம்புரோசு கொடுக்க மறுத்தார். மக்கள் கோயிலுக்குள்ளேயே இரவும் பகலும் விழித்திருந்தனர். அவர்கள் சோர்ந்துவிடாதபடி, கீழைநாட்டு வழக்கப்படி கீதங்களும் திருப்பாடல்களும் பாட அப்போதுதான் ஏற்பாடாயிற்று. தம் தாய் மோனிக்கம்மாளும் அக்கூட்டத்தில் இருந்ததைப் புனித அகுஸ்தீனார் எழுதி வைத்துள்ளார். கன்னியிடம் பிறந்த மீட்பரைப் போற்றும் கீதம் ஒன்றையும் அம்புரோசு இயற்றினார்.

பின்னர் 633-ஆம் ஆண்டு ஸ்பெயினில், செவில் நகர் ஆயர் புனித இசிதோர் தலைமையில் நான்காம் தொலேதோ சங்கம் கூடியது. மனிதர் இயற்றிய கீதங்களைக் கோயிலில் பாடலாகாது என்று வாதிட்டவர்களுக்கு அச்சங்கம் தந்த விடை மிகவும் அழகானது. வானவர் கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கத்தை மட்டுமே வானவர் பாடினர், தொடர்ந்து வருவதெல்லாம் திருச்சபையின் அறிஞர்கள் இயற்றியது. மனிதர் இயற்றியதை விலக்குவதானால் இதையும் விலக்க வேண்டியிருக்குமே என்பது அதன் கருத்து. வானவர் தொடங்கியதை மனிதர் தொடர்ந்தனர். கிறிஸ்து பிறப்புப் பாடல்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும் எனலாம்.

தாய்மொழியில் தாலாட்டு

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் தீவனத்தொட்டியும் வைக்கோலும் எருதும் கழுதையுமாகக் குடில் அமைத்து, திருத்தொண்டராக நற்செய்தியைப் பாடினார். ஊர் மக்கள் தீப்பந்தம் ஏந்தி வந்து இரவெல்லாம் மகிழ்ந்து பாடினர். அவர்வழி வந்த துறவியர் சென்ற இடமெல்லாம், கிறிஸ்து பிறப்பைப் பற்றி மக்கள் மொழியில் பாடும் வழக்கமும் வளர்ந்தது.

பதினேழாம் நூற்றாண்டில் கனடா நாட்டில் ஹூரோன் பழங்குடி மக்களிடையே உழைத்தவர் சேசு சபைக் குரு புனித ஜான் தெ பிரெபெஃப். அம்மக்களின் மொழியைக் கற்று, ஏறத்தாழ 1642-ஆம் ஆண்டில் அம்மொழியிலேயே ஒரு கிறிஸ்து பிறப்புப் பாடலை இயற்றினார் என்பது மரபு. மெட்டு அவருடைய பிரெஞ்சு நாட்டில் வழங்கியது; மொழியோ அம்மக்களுடையது. 1649-ஆம் ஆண்டு அவர் மறைசாட்சியாக உயிர் நீத்தார். அப்பாடல் இன்றும் கனடாவில் பாடப்படுகிறது.

நேப்பிள்ஸ் பகுதியில் ஏழை எளியவர்களுக்குப் போதித்து வந்த புனித அல்போன்ஸ் லிகோரியார் பெரும் இறையியல் அறிஞர்; அறநெறி நூல்கள் பல எழுதியவர். அவரே விண்ணிலிருந்து இறங்கி வந்து குளிரில் நடுங்கும் பாலகனைப் பற்றி எளிய இத்தாலிய மொழியில் 1754-ஆம் ஆண்டு ஒரு பாடல் இயற்றினார். இத்தாலியக் குழந்தைகள் இன்றும் குடிலின் முன் பாடுவது அதையே. அவருடைய பெரிய நூல்களைப் படித்தவர்கள் சிலர். அந்தத் தாலாட்டை அறியாத இத்தாலியர் அரியர்.

உதவிப் பங்குக் குருவும் ஊர் ஆசிரியரும்

உலகம் முழுவதும் அறிந்த "அமைதி இரவு" பாடலின் கதையைச் சற்று விரிவாகவே சொல்வோம். ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகருக்கு அருகே ஒபர்ன்டோர்ஃப் என்ற ஆற்றங்கரை ஊரில் புனித நிக்கொலாஸ் கோயில் இருந்தது. அங்கு உதவிக் குருவாக இருந்தவர் ஜோசப் மோர். தந்தையின் ஆதரவின்றி வறுமையில் வளர்ந்தவர். நெப்போலியன் போர்களால் நாடு நலிந்திருந்த 1816-ஆம் ஆண்டில், வேறொரு பங்கில் பணியாற்றியபோது ஆறு பத்திகள் கொண்ட கவிதை ஒன்றை எழுதி வைத்திருந்தார்.

1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியரும் கோயிலின் ஆர்கன் வாசிப்பவருமான பிரான்ஸ் சேவியர் குரூபரிடம் சென்று, மெட்டமைத்துத் தரும்படி கேட்டார். அன்றே மெட்டு உருவாயிற்று. அன்றிரவே கோயிலில் குரு கித்தார் மீட்டி மேற்குரலில் பாட, ஆசிரியர் கீழ்க்குரலில் சேர்ந்துகொள்ள, பாடகற் குழு ஒவ்வொரு பத்தியின் இறுதி அடிகளைத் திருப்பிப் பாடிற்று. எலி கடித்து ஆர்கன் பழுதானதால்தான் கித்தார் வந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. ஆனால் குரூபர் 1854-ஆம் ஆண்டு தம் கைப்பட எழுதிய விவரத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆர்கனைப் பழுது பார்க்க வந்த கைவினைஞர் ஒருவர் அப்பாடலைத் தம் ஊருக்குக் கொண்டுசென்றார். அவ்வூர்ப் பாடகர் குடும்பங்கள் 1830-களில் ஜெர்மானிய நகரங்களில் பாடின. 1839-இல் நியூயார்க்கிலும் அது ஒலித்தது. பாடல் உலகைச் சுற்றி வந்தபோது இயற்றியவர்களை உலகம் மறந்துவிட்டது. பெரிய இசைமேதை எவரோ எழுதியது என்றே பலரும் எண்ணினர். பெர்லின் அரச இசைக்குழு விசாரித்த பிறகே குரூபர் அந்த விவரத்தை எழுதினார். மோர் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1848-இல், ஒரு மலையூர்ப் பங்கில் இறந்துபோயிருந்தார். 1995-ஆம் ஆண்டில் மோரின் கையெழுத்துப் படியே கிடைத்து, எல்லா ஐயமும் தீர்ந்தது.

பங்கு மக்களே, இதை எண்ணிப் பாருங்கள். உலகின் மிகப் பழமையான பாடல் போல் நமக்குத் தோன்றும் அது, ஒரு நாள் மாலையில் மையும் உலராத புதுப் பாட்டு. உலகிற்காக எழுதப்பட்டதன்று; ஒரு சிற்றூர்ப் பங்கின் மக்களுக்காக எழுதப்பட்டது.

நம் தமிழ் மண்ணில்

தமிழ்த் திருச்சபையும் இவ்வழியே நடந்துள்ளது. இத்தாலியில் 1680-இல் பிறந்து இங்கு வந்த வீரமாமுனிவர், புனித சூசையப்பரை நாயகனாக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். தமிழ்க் காப்பிய மரபில் அதற்கு முன் சூசையப்பர் எங்கே இருந்தார்? அது அன்று முற்றிலும் புதிய பாடல். நம் பிரிந்த சகோதரர் சபையைச் சேர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), மக்கள் விரும்பிக் கேட்ட குறவஞ்சி வடிவத்தை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த கத்தோலிக்கப் பெருந்தகை வேதநாயகம் பிள்ளை (1826–1889), கீர்த்தனை வடிவில் இறைவனைப் பாடினார். இவர்கள் எவரும் வெளிநாட்டு மெட்டுக்காகக் காத்திருக்கவில்லை. மார்கழிப் பனியில் விடியுமுன் எழுந்து பாடும் பழக்கமுள்ள நாட்டில் பாட்டுக்குப் பஞ்சமேது?

இம்மரபுக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் முத்திரையிட்டது. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளிவந்த திருவழிபாட்டுச் சாசனம், கிரகோரியன் இசைக்குரிய முதன்மையைக் காத்துக்கொண்டே, மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்புத் தரச் சொல்லிற்று. பாடலின் சொற்கள் கத்தோலிக்கப் போதனைக்கு ஒத்திருக்கவும், சிறப்பாக மறைநூலிலிருந்தும் வழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்படவும் வேண்டும் என்றது. பெரிய பாடகற் குழுக்களுக்கு மட்டுமன்றிச் சிறிய குழுக்களுக்கும் ஏற்ற, மக்கள் அனைவரும் பங்கேற்கத்தக்க பாடல்களை இயற்றுமாறு இசைவாணரைக் கேட்டுக்கொண்டது.

பெட்டி பாடலாமா?

இனி, அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். இக்கேள்விக்குத் திருச்சபை 1958-ஆம் ஆண்டிலேயே விடை சொல்லியிருக்கிறது! அவ்வாண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் உரோமையின் திருச்சடங்குப் பேராயம் வெளியிட்ட இசை பற்றிய அறிவுரை, இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா போன்ற கருவிகளை வழிபாட்டில் பாடகருக்குப் பதிலாகப் பயன்படுத்தலாகாது என்று விலக்கிற்று. ஆனால் பாடகற் குழுவினரும் மக்களும் பாடல்களைக் கற்றுக்கொள்ள அவை உதவலாம் என்றும் சொல்லிற்று. இசைத்தட்டு போய் ஒலிநாடா வந்து, அதுவும் போய்க் கைபேசி வந்துவிட்டது. அறிவுரையின் பொருள் மாறவில்லை. கருவி கற்றுத்தரலாம், நமக்காகச் செபிக்க அதனால் ஆகாது. இயந்திரம் பாடும் பாடலில் குரல் இருக்கிறது, விசுவாசம் இல்லை.

இதை எழுதும்போது நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். பாடகற் குழுவைப் பழக்குவதற்கு மாலை நேரம் ஒதுக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொத்தானை அழுத்தினால் போதும். எளியதை நாம் தேர்ந்துகொண்டோம். முக்கால் மணி நேரம் நம் மக்கள் ஊமையராய் நின்றார்கள்.

அந்தத் தாயை அண்மையில் அவர் இல்லத்தில் சந்தித்தோம். நம் பங்கின் தொடக்கக் காலத்தில் கிறிஸ்து பிறப்புப் பூசை இலத்தீனில் நடந்தது. நாலைந்து பேர் பாட, மற்றவர்கள் செபமாலை சொல்வார்கள். 1960-களின் நடுவில் தமிழ் வழிபாடு வந்தபோது, பதினாறு வயதுப் பெண்ணாக முதல் தமிழ்ப் பாடகற் குழுவில் நின்றவர் அவர். "அன்னைக்கு எங்களப் பார்த்து, கோயிலக் கெடுக்க வந்த கூட்டம்னு சொன்னாங்க சாமி. லத்தீன் இல்லாம பூசையான்னு ரெண்டு பெரியவங்க எழுந்தே போயிட்டாங்க" என்று சிரித்தார். இன்று "பழைய பாட்டே போதும்" என்று நம் பெரியவர்கள் கேட்கும் பாடல்களில் பாதி, அன்று அப்பெண்கள் பாடிய புதுப் பாடல்களே!

இவ்வாண்டின் பட்டியல்

எனவே, பங்குப் பேரவையோடும் பாடகற் குழுவோடும் கலந்து, இவ்வாண்டுக்குப் பன்னிரண்டு பாடல்களைத் தேர்ந்துள்ளோம். எட்டு, எல்லாரும் அறிந்த பழையவை. மூன்று, நம் பங்குக்கு இதுவரை வராதவை; அவற்றுள் ஒன்று சகோதர சபையாரிடமிருந்து நன்றியோடு பெற்றது. ஒன்று, நம் பங்கிலேயே பிறந்தது.

தேர்வுக்கு மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டோம். முதலாவது, இப்பாடல் யாருடைய பிறப்பைப் பாடுகிறது? நம் குழந்தைகள் விரும்பும் "ஜிங்கிள் பெல்ஸ்" 1857-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. பனிச்சறுக்கு வண்டியின் உல்லாசம் அதில் உண்டு, பாலன் இயேசு இல்லை. மேடையில் பிள்ளைகள் ஆடிப் பாடி மகிழட்டும், கோயிலுக்குள் வேண்டாம். இரண்டாவது, கடைசி வரிசையில் நிற்பவரும் சேர்ந்து பாட முடியுமா? மூன்றாவது, விசுவாசத்துக்கு ஒத்ததா?

மூன்றாம் கேள்வி வீணானதன்று. நம் பங்கில் எழுதப்பட்ட பாடலின் முதற்படியில், இறைவன் மனித வேடம் பூண்டார் என்ற பொருளில் ஓர் அடி இருந்தது. கேட்பதற்கு அழகாகவே இருந்தது. ஆனால் வேடம் என்றால் களைந்துவிடக் கூடியது. நம் ஆண்டவர் வேடம் பூணவில்லை, மெய்யாகவே மனிதரானார். அவர் முழு இறைவன், முழு மனிதன் என்று கல்செதோன் சங்கம் 451-ஆம் ஆண்டு அறுதியிட்டது. எழுதிய சகோதரியிடம் இதை விளக்கினோம். அவர் ஓரிரவு யோசித்து, "வேடம்" என்ற சொல்லை நீக்கி, "உடலும் உயிரும்" என்று மாற்றி வந்தார். முன்னிருந்ததைவிட இப்போது அது நல்ல கவிதை. எப்ரேம் காலத்துப் போராட்டம் நம் பங்கு அலுவலகத்திலும் ஒரு மாலை நடந்தது என்று சொல்லலாம்.

திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் திருப்பலி முடிந்து பத்து நிமிடம் அனைவரும் அமர்ந்து புதிய பாடல்களைப் பழகுவோம். பதிவுகளைக் கைபேசியில் அனுப்புவோம். வீட்டில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். விழா இரவில் திருப்பலிக்கு முக்கால் மணி முன்னதாக ஒலிபெருக்கியின் பாடல் நின்றுவிடும். பின் ஒலிப்பது உங்கள் குரலே. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அரசர் கல்லூரிக் கோயிலில் 1918 முதல் நடந்துவரும் கிறிஸ்து பிறப்பு வழிபாட்டுக்கு, 1983 தொடங்கி ஆண்டுக்கொரு புதிய பாடல் எழுதச் செய்தார்கள் என்று அறிகிறோம். அவர்களது வசதி நமக்கில்லை. ஆயினும் ஆண்டுக்கொரு பாடலை நாமும் கற்கலாம். நூற்றாண்டு விழாவின்போது இப்பங்கு இன்னும் இருபத்தைந்து பாடல்களை உடையதாக இருக்கும். அன்றைய இளைஞர்கள் அவற்றைப் பழைய பாட்டு என்று சலித்துக்கொள்வார்கள்!

அந்தத் தாயைப் புதிய பாடலின் முதல் அடியை எடுத்துக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறோம். "தொண்டை இடம் கொடுத்தாப் பாடுறேன் சாமி" என்றார். பாடகற் குழுவின் இளைஞர்கள் அவர் பின்னே நிற்பார்கள். வானவர் தொடங்கியதை மனிதர் தொடர்ந்ததுபோல், அவர் தொடங்குவதை நீங்கள் தொடருங்கள்.

பாலன் இயேசுவின் அருளும் அமைதியும் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.

இறையன்பில் உங்கள்,
பங்குத் தந்தை